தீபத்துக்கு முதுகு காட்டிய கோதண்டராமன்

கோதண்டராமனைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. அவன் மேல் இல்லை, எங்கள் ஊர் மேல். என் மேலும்தான். கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறி ஏரிக்கரை ஸ்டாப்பில் இறங்கினால் எதிர்க்கரையில் தெரிவது எங்கள் கொக்கந்தாங்கல். அங்கே இருபத்தெட்டு வருஷம் போஸ்ட் ஆபீஸ் நடத்தியவள் நான், சந்திரம்மாள். ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, போஸ்ட்டம்மாதான். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அவ்வளவு நீள வாயை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தில் மட்டும் பதினான்கு வருஷம் ஊமையாக இருந்தேன். அதையும் சொல்லத்தான் போகிறேன்.

எங்கள் ஊருக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் ஏரி. கோடையில் ஏரிக்குள்ளேயே நடந்து போய்விடலாம். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறிவிட்டால் பாதை முழுகிவிடும். சுற்றிக்கொண்டு போனால் ஏழு மைல். அதனால் பஞ்சாயத்தில் ஒரு மரப்படகு வாங்கிப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேர் உட்காரலாம். துடுப்பெல்லாம் கிடையாது. நீள மூங்கில் கழியை அடிமண்ணில் ஊன்றித் தள்ளவேண்டும். ஏரி பெரும்பாலும் இடுப்பளவு, கழுத்தளவுதான். நடுவில் மட்டும் செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. அங்கே ஒன்றரை ஆள் ஆழம்.

கோதண்டராமன் கழி பிடிக்க வந்தது எண்பத்தொன்பதில். மற்ற மாசங்களில் ஒண்ணேகால் ஏக்கரில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, போடுவான், மழைக்காலத்தில் படகு. அப்போது அவனுக்கு முப்பது வயசு இருக்கும். வெள்ளையம்மாளைக் கட்டி நாலு வருஷம். குழந்தை இல்லை, அதற்காக இருவரும் முகத்தைத் தொங்கப்போட்டு நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்தால் கேலிதான். நான் அந்த நாளில் நல்ல சரீரம். தபால் பையோடு படகில் கால் வைத்தால், போஸ்ட்டம்மா ஏறிட்டாங்க, ரெண்டு பேர் எறங்குங்க என்பான். உன் பொண்டாட்டிய எறக்கி உடு, அந்த எடத்துல நான் குந்திக்கிறேன் என்பேன் நான். வெள்ளையம்மாள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தொண்ணூற்றொன்று கார்த்திகையில் மழை சொல்லி மாளாது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வழிந்து கோடி போய்க்கொண்டிருந்தது. தீபத்தன்று மத்தியானம் ஊர் ஜனம் பாதி கீழ்பென்னாத்தூரில் இருந்தது, அகல் வாங்கவும் பொரி வாங்கவும். எங்கள் பக்கத்தில் திருவண்ணாமலை மலைமேல் தீபம் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு ஏற்றுவோம். அதுவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதம் இருக்கிறவர்கள் உண்டு. ஆறு மணிக்குத் தீபம். பஸ் லேட்டாக வந்து எங்களை இறக்கிவிட்டபோது ஐந்தரை ஆகிவிட்டது. அந்த நேரத்தில் பஸ் ரோட்டுக் கரையில் மாட்டிக்கொள்ள எந்த வீட்டுக்காரிக்கு மனசு வரும்? முண்டியடித்து ஏறினார்கள். கோதண்டராமன் ரெண்டு நடையாகப் போகலாம் என்று சொல்லித்தான் பார்த்தான். முதல் நடைக்கு யார், ரெண்டாம் நடைக்கு யார் என்று சண்டை வந்தது. கடைசியாக ஏறினவள் நான். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன, தள்ளுடா என்று சொன்னவளும் நான்தான். என்னையும் அவனையும் வெள்ளையம்மாளையும் சேர்த்து இருபத்தொரு பேர்.

இடமில்லாமல் பின்பக்கம் அவன் காலடியில் பையை மடியில் வைத்துக்கொண்டு குந்தினேன். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நாலு விரல்கடைதான் இருந்தது. பள்ளத்துக்கு மேலே வந்த நேரம், இடதுபக்கம் தூரத்தில் மலை உச்சியில் பொட்டு வைத்தது போலத் தீபம் தெரிந்தது. யார் முதலில் பார்த்தது என்று தெரியாது. மொத்தப் படகும் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, அரோகரா போட்டது. எல்லோரும் மலையிருக்கிற பக்கமே சாய்ந்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்தேன். கோதண்டராமனும் கழியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கியிருந்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கழி தண்ணீரில் விழுந்து மிதந்து போவதைப் பார்த்தது நான் ஒருத்திதான். அடுத்த மூச்சில் படகு கவிழ்ந்தது.

என்னைக் காப்பாற்றியது என் சரீரமும் கவிழ்ந்த படகின் அடிப்பலகையும்தான். அவனும் அந்தப் பலகையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நீச்சல் அரைகுறை. வெள்ளையம்மாள் இரண்டு ஆள் நீளத் தூரத்தில் முங்கி முங்கி எழுந்தாள். அவன் கையை நீட்டினான், எட்டவில்லை. கழி மட்டும் இருந்திருந்தால் எட்டியிருக்கும். ஏழு பேர் போனார்கள். வெள்ளையம்மாள் போனாள். ஜோதியம்மாளின் பத்து வயசுப் பெண் ஓவியாவும் போனாள், கட்சிக்காரரான அவள் அப்பா ஆசையாக வைத்த பெயர். பக்கத்து வீட்டுப் பெண்களோடு அவளைப் பொரி வாங்க அனுப்பியிருந்த ஜோதியம்மாள் அன்று படகில் இல்லை. வீட்டில் அகலுக்கெல்லாம் திரி போட்டுவிட்டு மகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

இதற்கப்புறம் எங்கள் ஊர் செய்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். யாரும் யாரையும் திட்டவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் அப்பாசாமி பதினாறாம் நாள் காரியத்தில் எழுந்து, தீபத்தைப் பார்த்துக்கொண்டே போனவர்களுக்கு மறுபிறப்பு கிடையாது, அண்ணாமலையாரே ஏழு பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார், இந்த ஊர் கொடுத்துவைத்த ஊர் என்று சொன்னார். ஜனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அது தேவையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜோதியம்மாள் வாய்விட்டு அழப்போனால் பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்தினார்கள். புண்ணிய ஆத்மா, நீ அழுதால் அதற்கு வழி அடைத்துவிடும் என்றார்கள். அவள் அழுகையை அப்படியே விழுங்கினாள்.

ஒரு மாசம் கழித்துக் கோதண்டராமன் போஸ்ட் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றான். கார்டு வாங்க வந்தான் என்று நினைத்தேன். கழியை விட்டது நான்தான் என்று ஊரில் சொல்லிவிடப் போகிறேன் என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சும்மா இருடா. சொன்னா செத்தவங்க வந்துடப்போறாங்களா? பெத்தவ வயித்துல கொள்ளிய வெக்காத." இதுதான் நான் சொன்னது. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அடுத்த வருஷத் தீபத்துக்கு அப்பாசாமி புதுசாக ஒன்றை ஆரம்பித்தார். செத்தவர்கள் குடும்பமெல்லாம் படகில் ஏறி அந்தப் பள்ளத்துக்கே போய், அதே இடத்தில் எழுந்து நின்று தீபம் பார்த்துவிட்டு வருவதாம். அதே படகு. பழுது பார்த்து, விபூதிப்பட்டை அடித்து, மாலை போட்டு வைத்திருந்தார்கள். என்னால் முடியாது என்று கோதண்டராமன் மறுத்துவிட்டான். உடனே அப்பாசாமியின் தம்பி மகன் விமல்ராஜ், கழியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவன், பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனான். ஆறு மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். படகு ஒருபக்கம் சாய்ந்து, தண்ணீரை அள்ளி, எப்படியோ நிமிர்ந்தது. கரையில் என் பக்கத்தில் நின்றிருந்த கோதண்டராமன் வாந்தி எடுத்தான். திரும்பி வந்தவர்கள், பார்த்தாயா, தாங்கிப் பிடித்தார் சாமி என்று பூரித்துப் போனார்கள். அதற்குப் பிறகு அந்த வழக்கத்தைப் பிரம்மா வந்தாலும் நிறுத்த முடியாது என்று ஆகிவிட்டது.

கோதண்டராமன் ஊரில் இருக்கப் பிடிக்காமல் திருவண்ணாமலைக்குப் போனான். செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் செடிக்குத் தண்ணீர் விடுகிற வேலை. தொண்ணூற்று மூன்று கோடையில் ஒருநாள் வந்து, என் மேஜை மேல் ஒரு ஜெராக்ஸ் தாளை விரித்தான். பெரிய கப்பல் ஒன்று ஆற்றில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. அதன் விலாவின் மேல் ஜனங்கள் நிற்கிறார்கள். பின்னாலேயே ரோடு, கட்டிடங்கள். அவன் விடுதியில் தங்கியிருந்த எலினார் என்ற அமெரிக்கக் கிழவி கொடுத்ததாம். ஒருநாள் அவன் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்துவிட்டு அவள் காரணம் கேட்டிருக்கிறாள். விடுதி மேனேஜர் புகழேந்தி இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தன் அறைக்குப் போய் இந்தப் படத்தை எடுத்து வந்தாளாம். அவள் அப்பாவின் அக்காவும் தங்கையும் இந்தக் கப்பலில்தான் செத்துப்போனார்களாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினைந்தில் சிகாகோ என்கிற ஊரில் நடந்தது. ஈஸ்ட்லாண்ட் என்று கப்பலுக்குப் பெயர். ஒரு கம்பெனியின் ஆட்கள் இரண்டாயிரத்தைந்நூறு பேர் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போக ஏறியிருக்கிறார்கள். கப்பல் கரையை விட்டுக் கிளம்பவே இல்லை. அப்படியே ஒருபக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. கரைக்கும் அதற்கும் இருபதடி, தண்ணீர் ஆழமும் இருபதடி. எண்ணூற்று நாற்பத்து நான்கு பேர் செத்தார்கள். இதில் கொடுமை என்னவென்றால், மூன்று வருஷம் முன்புதான் பெரிய கப்பல் ஒன்று பனிமலையில் மோதி, தப்பிக்கச் சின்னப் படகுகள் போதாமல் ஆயிரத்தைந்நூறு பேர் போயிருந்தார்கள். அந்தப் பயத்தில் சட்டம் கொண்டுவந்து, இந்தக் கப்பலின் மேல்தட்டில் கூடுதலாகப் படகுகளை ஏற்றினார்கள். ஏற்கெனவே தலை கனத்த கப்பல். அந்தப் பாரமும் மேலே ஏறிக்கொண்டது. விழுவதற்கு முன்னால் அது இந்தப் பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, அந்தப் பக்கம் சாய்ந்து ஆட்டம் காட்டியிருக்கிறது. ஜனம் சிரித்துக்கொண்டிருந்ததாம். இறங்குங்கள் என்று சொல்ல ஒருவனுக்கும் தோன்றவில்லை.

கோதண்டராமன் அந்தத் தாளை விரலால் தொட்டுத் தொட்டு எனக்குப் பாடம் நடத்தினான். நின்றால் பாரம் மேலே ஏறுகிறது, உட்கார்ந்தால் கீழே இறங்குகிறது. ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்த படகு, நான் விழப்போகிறேன் என்று சொல்லிவிட்ட படகு. எல்லோரும் ஒன்றைப் பார்க்கிறபோது படகுக்காரன் மட்டும் அதைப் பார்க்கக்கூடாது, அவன் பார்க்கவேண்டியது ஆட்களை. கேஸ் என்ன ஆயிற்று என்று நான் கேட்டேன். இருபது வருஷம் நடத்தி, செத்துப்போன எஞ்சின்காரர் ஒருவர் தலையில் கட்டி முடித்தார்களாம். நல்ல நியாயம் என்றேன். அவன் தாளை மடித்துக்கொண்டே சொன்னான்.

"அங்க தப்போ சரியோ, யாரு மேல குத்தம்னு இருவது வருஷம் கேட்டுனு இருந்தாங்க போஸ்ட்டம்மா. இங்க ஒரு ஆளு கூட கேக்கல. கேட்டாதான அடுத்த வாட்டி உஷாரா இருப்பாங்க."

அந்த வருஷம் தீபத்துக்கு அவனே விடுதி வேலையை விட்டு ஊரோடு திரும்பி வந்து கழியை வாங்கிக்கொண்டான். படகை நிறுத்த முடியாது, தன் கையிலாவது இருக்கட்டும் என்ற கணக்கு. அன்றிலிருந்து எல்லாத் தீபத்துக்கும் அவன் செய்தது ஒன்றுதான். பள்ளத்துக்கு வந்ததும் மலைக்கு முதுகைக் காட்டி நின்று, கழியை ஆழ ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆட்களையே பார்ப்பான். உட்காருங்க, உட்காருங்க என்று கத்துவான். யார் கேட்டார்கள்? தீபத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டே கும்பிட எங்கள் ஜனத்துக்கு வராது, கால் தானாக எழும். படகு அவன் கழியின் பலத்தில் ஆடி ஆடி நிற்கும். கரைக்கு வந்து இறங்கும்போது அவன் கை இரண்டும் வீங்கியிருக்கும். தீபத்துக்கு முதுகு காட்டுகிற பாவி, அதனால்தான் அவன் குடும்பம் விளங்கவில்லை என்றும் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

கீழ்பென்னாத்தூர் பஞ்சர் கடையில் சொல்லிவைத்துப் பழைய லாரி டியூப் நாலு வாங்கிவந்து படகின் இரண்டு பக்கமும் கட்டினான். சாமி படகில் ரப்பரா என்று அவிழ்த்து எறிந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு முழுகுமோ அந்த மட்டத்துக்குச் சிவப்புக் கோடு போட்டான். அதன் மேல் விபூதி பூசினார்கள். தொண்ணூற்றாறில் அப்பாசாமி படகின் மேல் நாலு கம்பம் நட்டுப் பந்தல் போட்டு, ஓர் ஆள் உயரக் குத்துவிளக்கை நடுவில் வைத்தார், செத்தவர்களுக்கு மரியாதையாம். அதைப் பார்த்த அன்று கோதண்டராமன் அந்த ஜெராக்ஸ் தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றான். மேலே ஏத்தாதீங்க தலைவரே, இவங்களும் நல்லதுன்னு நெனச்சிதான் ஏத்தினாங்க என்று படத்தைக் காட்டிக் கெஞ்சினான். அவர், அமெரிக்காக்காரன் கப்பலுக்கு அண்ணாமலையார் துணை இல்லடா என்று சிரித்தார்.

தொண்ணூற்றெட்டில் ஏரிக்குக் குறுக்கே பாலம் வந்தது. அப்பாடா, இனி படகு விறகுக்குத்தான் என்று சந்தோஷப்பட்டேன். அந்த நினைப்பில் மண். மற்ற நாளெல்லாம் கொட்டகையில் கிடக்கும், தீபத்தன்று மட்டும் இறங்கும். நல்லவேளையாக அதற்கப்புறம் வந்த ஆறேழு வருஷம் மழை கம்மி. ஏரியில் மாடு மேய்ந்தது. கோதண்டராமன் ஐப்பசி பிறந்தால் அடி அண்ணாமலைக் கோயிலுக்குப் போய், மழை வேண்டாம் சாமி என்று வேண்டிக்கொள்வான். விவசாயி வாயில் வருகிற வேண்டுதலா அது? அவன் மல்லாட்டைதான் முதலில் கருகியது. கருகினால் கருகட்டும் என்றான். நாற்பத்தைந்து வயசுக்குள் கிழவனாகிவிட்டான்.

இரண்டாயிரத்து ஐந்தில் வானம் பிளந்துகொண்டது. ஏரி மறுபடியும் கோடி போனது. இத்தனை வருஷம் தடைப்பட்ட வழக்கம் என்று ஊரே துள்ளியது. தீபத்தன்று சாயங்காலம் கரையில் போய்ப் பார்த்தால் பந்தல், குத்துவிளக்கு, பேட்டரி வைத்துச் சீரியல் பல்பு. ஏறுவதற்கு முப்பது பேருக்குக் குறையாமல் நிற்கிறார்கள், செத்த ஏழு பேருக்கு அப்புறம் பிறந்த பிள்ளைகளும் புதுத்துணி போட்டுக்கொண்டு. படகு வருஷக்கணக்கில் கொட்டகையில் காய்ந்து கிடந்தது. பலகை இடுக்கில் இப்போதே தண்ணீர் கசிந்தது.

கோதண்டராமன் ஒவ்வொருவர் காலிலும் விழுந்தான். மிகைப்படுத்தவில்லை, விழுந்தே விட்டான். பன்னிரண்டு பேர் போதும், பந்தலை எடுத்துவிடுங்கள், பிள்ளைகள் வேண்டாம் என்றான். விமல்ராஜ் அவன் கையிலிருந்த கழியைப் பிடுங்கப் போனான். உனக்கு இஷ்டம் இல்லாட்டி போ மாமா, நான் தள்ளுறேன் என்றான். அப்போது கோதண்டராமன் ஒருமுறை என்னைப் பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டக்கூட எனக்கு நேரமில்லை. அவன் படகுக்கும் ஜனத்துக்கும் நடுவில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தான். ஜோதியம்மாள் முன்வரிசையில் நின்றிருந்தாள்.

"அன்னிக்கு நான் கழிய விட்டுட்டேன். எல்லாரும் எழுந்து சாயும்போது ஊனிப் பிடிச்சிருந்தா படகு தாங்கியிருக்கும். தாங்கலன்னாலும் தண்ணியில கெடந்தவங்களுக்கு நீட்டியிருப்பேன். ரெண்டு கையையும் தூக்கி சாமி கும்பிட்டுட்டேன். அண்ணாமலையாரு யாரையும் கூப்பிடல. நான்தான் உட்டுட்டேன்."

 அப்பாசாமிதான் முதலில் சுதாரித்தார். பெண்டாட்டி போன துக்கம், மூளை கலங்கிவிட்டது, அப்பால இட்டுனு போங்கடா என்றார். ஜனம் அதைப் பிடித்துக்கொண்டது. பாவம், பைத்தியம் என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டினார்கள். அவர்களுக்கு அந்த மோட்சம் வேண்டியிருந்தது. இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். விமல்ராஜ் கழியோடு படகில் ஏறினான். பிள்ளைகளைத் தூக்கி ஏற்ற ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்னை மண் கூடத் தின்னாது.  கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"அவன் சொல்றது நெஜம். அவன் காலடியிலதான் நான் குந்தினு இருந்தேன். கழி போறத என் கண்ணால பாத்தேன். எடம் இல்லாத படகுல கடைசியா ஏறினதும் நான்தான். அவன வாய மூட சொன்னதும் நான்தான்."

போஸ்ட்டம்மா பொய் சொல்லமாட்டாள் என்று ஊருக்குத் தெரியும். ஏற்றிய பிள்ளைகளை அவரவர் பெற்றவர்கள் ஒவ்வொருவராக இறக்கினார்கள். யாரோ கோதண்டராமனை அறைந்தார்கள். இன்னொருவன் வயிற்றில் உதைத்தான். பறிகொடுத்த வீட்டு ஆண்கள்தான், இத்தனை வருஷம் யாரையும் அடிக்க வழியில்லாமல் இருந்தவர்கள். அவன் தடுக்கவே இல்லை. வாயில் ரத்தம் வந்தது. ஜோதியம்மாள் நடுவில் புகுந்து எல்லோரையும் விலக்கினாள். அவனுக்கு நேராக நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"அப்போ என் பொண்ணு சும்மா செத்தாளா தம்பி?"

"ஆமாக்கா."

அவ்வளவுதான் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் படகில் ஏறிப் பலகையில் கூட உட்காராமல் அடிமட்டத்தில் உட்கார்ந்தாள். வேற யாரும் வேணாம், இவன் மட்டும் என்னை இட்டுனு போவட்டும் என்றாள். அப்பாசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். கோதண்டராமன் குத்துவிளக்கை இறக்கிக் கரையில் வைத்தான். பந்தல் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டான். விமல்ராஜும் உதவி செய்தான். நான் கேட்காமலே ஏறி ஜோதியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஏரியில் குதித்துவிடுவாளோ என்று எனக்குப் பயம்.

பள்ளத்துக்கு வந்ததும் அவன் கழியை ஊன்றினான். மலைக்கு முதுகு, எங்கள் பக்கம் முகம். உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. ஏரியில் காற்று வீசியது, படகு லேசாகத்தான் ஆடியது. கொஞ்ச நேரத்தில் கரையில் அரோகரா கேட்டது. பழக்கதோஷத்தில் நான் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டேன், தீபம் நன்றாகத் தெரிந்தது. ஜோதியம்மாள் திரும்பவே இல்லை. கையையும் தூக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதானா?" என்று கேட்டாள்.

இங்கேதான் என்றான்.

"கைய நீட்டினாளா?"

"நீட்டினாக்கா."

"யாரப் பாத்து?"

கோதண்டராமன் கழியை இன்னும் ஆழ ஊன்றினான். பொய் சொல்லிவிடுடா என்று நான் மனசுக்குள் அவனைக் கெஞ்சினேன். சாமியைப் பார்த்து நீட்டினாள் என்று சொல்லு, மலையைப் பார்த்து நீட்டினாள் என்று சொல்லு.

"என்னப் பாத்துதான். படகு மாமா, படகு மாமான்னு ரெண்டு வாட்டி கூப்ட்டா."

ஜோதியம்மாள் வாயைத் திறந்தாள்.  மார்பில் அறைந்துகொண்டு, மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அன்று வாயைப் பொத்தி விழுங்க வைத்த ஒப்பாரியை முதலிலிருந்து வைக்க ஆரம்பித்தாள். நான் அவள் தோளைக் கட்டிக்கொண்டேன், யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. தண்ணீரின் மேல் அந்தக் குரல் கரைவரைக்கும் போயிற்று. கரையில் அரோகரா கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. அங்கேயும் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொருத்தி.